ஒரு வேளைச் சோறு எத்தனை சதவீதம்?

பண்ருட்டி என்றதும் நம் நினைவுக்கு வருபவை இரண்டு. ஒன்று பலா, மற்றொன்று முந்திரி. பலாப்பழம் எந்தச் சீட்டும் ஒட்டப்படாமல் மண்டியிலிருந்து பல ஊர்களுக்கும் பயணமாகிறது. முந்திரிப் பருப்போ உறைக்குள் அடைக்கப்பட்டு, உறையின் பின்புறம் ஒரு சிறிய அட்டவணையையும் சுமந்துகொண்டு செல்கிறது. அந்த அட்டவணையில் ‘ஒரு நாள் தேவையில் இத்தனை சதவீதம்’ என்று ஒரு பகுதி இருக்கும். பிஸ்கட் உறையிலும் மிக்சர் உறையிலும்கூட இதைப் பார்த்திருப்பீர்கள்.

அந்தச் சதவீதம் எப்படி வந்தது? 30 கிராம் முந்திரிப் பருப்பை எடுத்துக்கொள்வோம். அது ஏறக்குறைய 179 கலோரி ஆற்றல் தரும். 179-ஐ 2000-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 9 சதவீதம் கிடைக்கிறது. பெருக்கலில் பிழையில்லை, வகுத்தலிலும் பிழையில்லை. ஆனால் இந்த 2000 யாருடைய எண்?

உணவுப் பொட்டலங்களில் அச்சிட வேண்டியவை பற்றி இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020-ல் வெளியிட்ட விதிகளில் இதற்கு விடை இருக்கிறது. வயது வந்த சராசரி மனிதர் ஒருவரின் ஒரு நாள் தேவை 2000 கலோரி என்று வைத்துக்கொண்டு கணக்கிட வேண்டும் என்பது விதி. எல்லா உறைகளிலும் ஒரே அடிப்படை இருந்தால்தான் ஒரு பொருளை இன்னொன்றோடு ஒப்பிட முடியும். ஆகவே விதியைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஒன்பதாம் வகுப்பு மாணவி வயது வந்தவர் அல்லர். மண்டியில் பலாப்பழம் சுமப்பவர் வயது வந்தவர்தாம். ஆனால் அவருடைய உழைப்பு சராசரி உழைப்பன்று. இவர்கள் இருவரும் உறையின் சதவீதத்தைத் தமக்குரியதாக எடுத்துக்கொண்டால் ஏமாந்து போவார்கள்.

சதவீதம் என்பது ஒரு பின்னம். அதன் மேல் எண்ணை உணவு தருகிறது. கீழ் எண்ணை உண்பவர் தருகிறார். உண்பவர் யார் என்று கேட்காமல் சொல்லப்படும் சதவீதம் பாதிக் கணக்குத்தான். பள்ளியின் சத்துணவுத் தட்டிலும் வீட்டுத் தட்டிலும் இந்தப் பாதிக் கணக்கே இன்னும் நடக்கிறது என்பது என் கருத்து. அதற்குரிய காரணங்களை எண்களோடு காண்போம்.

முதலில் மேல் எண். ஒரு கிலோகிராம் தண்ணீரின் வெப்பநிலையை ஒரு செல்சியஸ் பாகை உயர்த்தத் தேவையான வெப்பமே ஒரு கிலோ கலோரி. உணவைப் பற்றிப் பேசும்போது ‘கலோரி’ என்று சுருக்கமாகச் சொல்வது இந்தக் கிலோ கலோரியைத்தான். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க வேதியியலறிஞர் அட்வாட்டர் பல உணவுகளை ஆராய்ந்து, உடலுக்குக் கிடைக்கும் ஆற்றலைக் கணக்கிட எளிய எண்களைத் தந்தார். ஒரு கிராம் மாவுச்சத்து 4 கலோரி. ஒரு கிராம் புரதம் 4 கலோரி. ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி. இந்த மூன்று எண்களும் ஓர் உணவு அட்டவணையும் இருந்தால் எந்தத் தட்டையும் கணக்கிட்டுவிடலாம்.

அத்தகைய அட்டவணை நமக்குக் கிடைத்த வரலாற்றில் தமிழ்நாட்டுக்குச் சிறப்பான இடம் உண்டு. 1918-ல் நீலகிரியிலுள்ள குன்னூரில் மக்காரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி நோய் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். அந்தச் சிறிய ஆராய்ச்சிக்கூடமே வளர்ந்து உணவூட்ட ஆராய்ச்சி நிலையமாயிற்று. அதன் இயக்குநராக இருந்த அய்க்ராய்டு 1937-ல் இந்திய உணவுகளின் சத்து மதிப்பைத் தொகுத்து ஒரு சிறு நூலாக வெளியிட்டார். 1958-ல் நிலையம் ஐதராபாத்துக்கு மாறியது. இன்று அது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் எனப்படுகிறது. அய்க்ராய்டின் நூல் பிற்கால அறிஞர்களால் விரிவாக்கப்பட்டு, பல பதிப்புகளைக் கண்டது. இந்தக் கட்டுரையிலுள்ள உணவு மதிப்புகள் அந்த வழியில் வந்தவையே.

இனி ஒரு தட்டைக் கணக்கிடுவோம். 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளின் பகலுணவில் 700 கலோரியும் 20 கிராம் புரதமும் இருக்க வேண்டும் என்று அளவு வகுத்தது. அதற்குரிய பொருள்களாக 150 கிராம் அரிசி, 30 கிராம் பருப்பு, 75 கிராம் காய்கறி, ஏழரை கிராம் எண்ணெய் என்று மத்திய அரசின் பகலுணவுத் திட்டம் வகுத்திருந்தது. 100 கிராம் அரிசி 345 கலோரி தருகிறது. ஆகவே 150 கிராம் அரிசி 517.5 கலோரி. துவரம்பருப்பு 100 கிராமுக்கு 335 என்ற வீதத்தில் 30 கிராமுக்கு 100.5 கலோரி. எண்ணெய் முழுவதும் கொழுப்பாதலால் 67.5 கலோரி. காய்கறிக்கு ஏறக்குறைய 20. எல்லாம் சேர்ந்து 705 கலோரி. சட்டம் சொன்ன எண் வந்துவிட்டது அல்லவா?

இங்கே ஓர் எச்சரிக்கை. அரிசிக்குரிய எண்ணைச் சோற்றுக்குப் போட்டுவிடக் கூடாது. அரிசி வேகும்போது தண்ணீரை உறிஞ்சி, இரண்டரை மடங்கும் அதற்கு மேலும் எடை கூடிவிடுகிறது. தண்ணீரில் கலோரி கிடையாது. சோற்றைத் தராசில் நிறுத்து 3.45-ஆல் பெருக்கினால் ஒரு வேளைச் சோறே பாதி நாளுக்குப் போதும் என்ற தவறான விடைதான் கிடைக்கும். சமைப்பதற்கு முன்பிருந்த எடையைத்தான் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இப்போது கீழ் எண்ணுக்கு வருவோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-ல் வெளியிட்ட பரிந்துரைகளின்படி, 10 முதல் 12 வயது வரையுள்ள சிறுவனுக்கு நாளொன்றுக்கு 2220 கலோரியும் சிறுமிக்கு 2060 கலோரியும் தேவை. 13 முதல் 15 வயதில் பையனுக்கு 2860, பெண்ணுக்கு 2400. 16 முதல் 18 வயதில் இந்த எண்கள் முறையே 3320, 2500 என்று உயர்கின்றன. வயது வந்த ஆண்களில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு 2110 போதும். கடினமாக உழைப்பவருக்கு 3470 வேண்டும்.

நம் 705 கலோரித் தட்டை இவர்கள் ஒவ்வொருவர் முன்பும் வைத்துப் பார்ப்போம். உறையிலுள்ள 2000 கணக்குப்படி அது ஒரு நாள் தேவையில் 35 சதவீதம். ஆறாம் வகுப்புச் சிறுமிக்கு 34 சதவீதம். அவள் வகுப்புச் சிறுவனுக்கு 32 சதவீதம். மூன்று வேளையில் ஒரு வேளை மூன்றில் ஒரு பங்கைத் தந்துவிடுகிறது, மிகவும் நல்லது. ஆனால் அதே தட்டு ஒன்பதாம் வகுப்பு மாணவிக்கு 29 சதவீதம்தான். ஒன்பதாம் வகுப்பு மாணவனுக்கு 25 சதவீதம்தான். அலுவலக நாற்காலியில் அமர்ந்திருப்பவருக்கு 33 சதவீதமாக இருப்பது, பண்ருட்டி மண்டியில் பலாப்பழங்களை லாரியில் ஏற்றுபவருக்கு 20 சதவீதமாகக் குறைந்துவிடுகிறது. தட்டில் ஒரு பருக்கைகூடக் குறையவில்லை. உண்பவர் மாறினார், சதவீதம் மாறிற்று.

தமிழ்நாடு பள்ளி உணவில் முன்னோடி மாநிலம். 1920-லேயே சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த தன் பள்ளியில் பகலுணவு கொடுத்தது. 1950-களில் காமராசர் முதலமைச்சராக இருந்தபோது மதிய உணவு மாநிலமெங்கும் பரவியது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1984-ல் அது 15 வயது வரையுள்ள மாணவர்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. உயர்நிலைப் பள்ளி மாணவனுக்கும் பசி உண்டு என்பதை அன்றே உணர்ந்த மாநிலம் இது. இந்தப் பெருமையில் நாம் மகிழலாம். ஆனால் உயர்நிலைப் பள்ளிக்குச் சோறு வந்துவிட்டது என்பதோடு கணக்கு முடிந்துவிடாது. பதினொரு வயதுக்கு அளந்த சோறு பதினைந்து வயதுக்குப் போதுமா என்பது அடுத்த வரிக் கணக்கு.

போதாது என்றே மேற்கண்ட எண்கள் கூறுகின்றன. 13 முதல் 15 வயதில் எலும்பு நீளுகிறது, தசை கூடுகிறது, உயரம் சில மாதங்களிலேயே கண்ணுக்குத் தெரியும்படி வளர்கிறது. பையனின் தேவை 2220-லிருந்து 2860-க்குத் தாவுகிறது. அவனுக்கும் மூன்றில் ஒரு பங்கு கிடைக்க வேண்டுமானால் தட்டில் ஏறத்தாழ 950 கலோரி இருக்க வேண்டும். குறைவது 250 கலோரி. இதை ஈடு செய்ய 40 கிராம் அரிசியும் 20 கிராம் பருப்பும் 5 கிராம் எண்ணெயும் போதும். ஒரு மாணவனுக்கு ஒரு கைப்பிடி அரிசி, ஒரு சிறு பிடி பருப்பு, ஒரு தேக்கரண்டி எண்ணெய் என்று கொள்ளுங்கள். வகுப்புக்கு வகுப்பு பாடநூல் தடிமனாவதுபோலத் தட்டும் நிறைய வேண்டும் என்று கேட்பது பேராசையாகுமா?

சிலர் இதை மறுக்கக் கூடும். ‘பசிக்குத் தெரியாததா கணக்குக்குத் தெரிந்துவிடப் போகிறது? பசித்தால் பிள்ளை கேட்டு வாங்கிச் சாப்பிடும்’ என்பார்கள். இதில் ஓரளவு உண்மை உண்டு. இரண்டாம் முறை கேட்டால் சோறு கிடைக்கும் இடத்தில் பசி நல்ல வழிகாட்டிதான். ஆனால் அரிசி தலைக்கு இவ்வளவு என்று அளந்து வருமிடத்தில் பசியின் குரல் அளவையை மாற்றாது. குறைந்த உணவிலேயே நெடுநாள் இருந்த உடல் தன் வளர்ச்சியைக் குறைத்துக்கொண்டு அந்த உணவோடு சமாதானம் செய்துகொள்கிறது. அத்தகைய பிள்ளை வாய்திறந்து கேட்பதில்லை. உயரத்தில்தான் அந்தக் குறை தெரிகிறது. ஆகவே அளந்து கொடுப்பவர்கள் கணக்கிட்டே அளக்க வேண்டும்.

இரண்டாவதாக வீட்டுத் தட்டு. ‘பெண் பிள்ளைக்கு எதற்கு இவ்வளவு?’ என்ற பேச்சு இன்னும் பல வீடுகளில் கேட்கிறது. எல்லாரும் உண்டபின் மிச்சமிருப்பதே அவள் பங்கு என்ற வழக்கமும் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. அறிவியல் இதைப் பற்றி என்ன சொல்கிறது? 10 முதல் 12 வயதில் சிறுவனுக்கும் சிறுமிக்கும் உள்ள வேறுபாடு வெறும் 160 கலோரி. 13 முதல் 15 வயதில் அவனுடைய தேவையில் 84 சதவீதம் அவளுடைய தேவை. அதாவது ஒரே வயதுடைய பையன் ஆறு இட்லி உண்டால் அவளுக்கு ஐந்து இட்லி வேண்டும்; மூன்று போதாது.

இரும்புச்சத்தில் நிலை தலைகீழாகிறது. 13 முதல் 15 வயதில் பையனுக்கு நாளொன்றுக்கு 22 மில்லிகிராம் தேவை. பெண்ணுக்கு 30 மில்லிகிராம். மாதவிடாயில் இழக்கும் இரத்தத்தை அவள் உடல் ஈடு செய்ய வேண்டியிருப்பதே இதற்கு முக்கியக் காரணம். இருவருக்கும் ஒரே தட்டை வைத்தால், அவனுக்குக் கிடைக்கும் இரும்புச்சத்துச் சதவீதத்தில் முக்கால் பங்கைக்கூட அவள் எட்டுவதில்லை. கீரையும் பயறும் அவள் தட்டில் அவன் தட்டைவிடக் கூடுதலாக இருப்பதுதான் நியாயம். வழக்கம் சொல்வதற்கு நேர் எதிரான தீர்ப்பை எண்கள் தருகின்றன.

இரும்பைப் பற்றிப் பேசியதால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கலோரிச் சதவீதம் ஒன்றே உணவின் தரத்தைச் சொல்லிவிடாது. 600 கிராம் சர்க்கரையை உண்ணும் மாணவி ஒருத்தியைக் கற்பனை செய்து பாருங்கள். அவளுடைய 2400 கலோரித் தேவை ஏறத்தாழ நூறு சதவீதம் நிறைவேறிவிடும். புரதமோ சுழியம்! ஆகவே கலோரிக்கு ஒரு சதவீதம், புரதத்துக்கு ஒரு சதவீதம், இரும்புக்கு ஒரு சதவீதம் என்று தனித்தனியே கணக்கிட வேண்டும்.

நம் சத்துணவுத் தட்டையே மீண்டும் எடுத்துக்கொள்வோம். அரிசி, பருப்பு, காய்கறி மூன்றிலுமாக அதில் ஏறக்குறைய 18 கிராம் புரதம் இருக்கிறது. 13 முதல் 15 வயதுப் பையனின் ஒரு நாள் புரதத் தேவை 45 கிராம். ஆகவே கலோரியில் 25 சதவீதம் தரும் தட்டு புரதத்தில் 40 சதவீதம் தருகிறது. இதனோடு ஒரு முட்டையைச் சேருங்கள். ஓடு நீங்கிய 50 கிராம் முட்டையில் 86 கலோரியும் 6.6 கிராம் புரதமும் உள்ளன. கலோரிச் சதவீதம் 3 மட்டுமே உயர்கிறது. புரதச் சதவீதமோ 15 உயர்கிறது. தமிழ்நாட்டின் பள்ளித் தட்டில் முட்டை இடம்பெற்றதன் பயனைக் கலோரிக் கணக்கு மட்டும் பார்த்தவர் அறியமாட்டார்.

பண்ருட்டிக்காரர்களுக்கு இன்னொரு செய்தி. 200 கிராம் பலாச்சுளை 176 கலோரி தருகிறது. நாம் முதலில் கண்ட 30 கிராம் முந்திரியும் ஏறக்குறைய அதே அளவுதான். முந்திரியில் கொழுப்பு மிகுதி, சுளையில் தண்ணீர் மிகுதி என்பதே எடை வேறுபாட்டுக்குக் காரணம். சுளையைத் தின்றுவிட்டு நாம் ஒதுக்கும் கொட்டையைப் பாருங்கள். 100 கிராம் பலாக்கொட்டையில் 133 கலோரியும் 6.6 கிராம் புரதமும் உள்ளன. அளவில் இது ஒரு முட்டையின் புரதத்துக்குச் சமம். தரத்தில் முட்டைப் புரதமே உயர்ந்தது என்றாலும், சோறும் பருப்பும் உண்ணும் தட்டில் பலாக்கொட்டைக் குழம்பு மதிப்புள்ள சேர்க்கைதான். பள்ளிகள் திறக்கும் ஜூன் மாதத்தில் பண்ருட்டிப் பலாவும் பருவத்தில் இருக்கிறது. குறைந்த விலையில் கிடைக்கும் இந்த ஊர்ச் சத்து குப்பைக்குப் போகலாமா?

மூன்றாவதாகக் காலை உணவு. ஒரு நாளின் சதவீதங்கள் எல்லாம் கூடி நூறாக வேண்டும் என்பது கணக்கின் விதி. காலையில் வெறும் வயிற்றோடு பேருந்தைப் பிடிக்க ஓடிவரும் ஒன்பதாம் வகுப்பு மாணவனுக்குக் காலைச் சதவீதம் சுழியம். பகலில் 25. மீதி 75 சதவீதத்தை, அதாவது 2155 கலோரியை, அவன் மாலையிலும் இரவிலும் உண்டாக வேண்டும். அரிசியாகக் கணக்கிட்டால் அது 600 கிராமுக்கும் மேல். யாரால் முடியும்? முடியாதபோது நாளின் கூட்டுத்தொகை நூறுக்கு எட்டாமல் நின்றுவிடுகிறது.

2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட காலை உணவுத் திட்டம் இந்தச் சுழியத்தை மாற்றுவதற்கு எடுத்த நல்ல முயற்சி. ஒன்று முதல் ஐந்து வரையுள்ள வகுப்புகளின் குழந்தைகளுக்காக அது தொடங்கப்பட்டது. சிறு குழந்தைகளிடமிருந்து தொடங்கியது முறையே. ஆனால் தேவை எண் மிக உயரமாக நிற்பது உயர்நிலை வகுப்புகளில் என்பதை மேலே கண்டோம். வீட்டிலிருந்து பள்ளிக்குள்ள தூரமும் பலருக்கு அந்த வகுப்புகளில்தான் கூடுகிறது. ஆகவே பள்ளியில் காலை உணவு என்ற நல்ல எண்ணம் பத்தாம் வகுப்புவரை செல்ல வேண்டும் என்பதே கணக்கு காட்டும் வழி.

இந்த எண்களைப் பயன்படுத்துவதில் ஒரு கவனம் தேவை. 2860, 2400 என்பவை ஒரு வயதுக் குழுவின் சராசரித் தேவைகள். குள்ளமானவர், உயரமானவர், பந்து விளையாடுபவர், புத்தகத்தோடு அமர்ந்திருப்பவர் எல்லாருக்கும் ஒரே எண் பொருந்தாது. கலோரியை எண்ணி எண்ணித் தட்டைச் சுருக்குவதற்கும் இந்தக் கணக்கு ஏற்பட்டதன்று. வளரும் வயதில் உணவைத் தானே குறைத்துக்கொள்வது தீங்கு விளைவிக்கும். எடையைப் பற்றிக் கவலை இருந்தால் மருத்துவரைக் கேளுங்கள். குறை எங்கே இருக்கிறது என்று காண்பதற்கே இக்கணக்கு.

மாணவ நண்பர்களே, இதை உங்கள் வகுப்பிலேயே செய்து பார்க்கலாம். ஒரு வாரத்துக்கு உங்கள் வீட்டில் ஒரு வேளைக்கு எடுக்கும் அரிசி, பருப்பு, எண்ணெய் ஆகியவற்றின் அளவை அம்மாவிடமோ அப்பாவிடமோ கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அதை வெறுமனே தலைக்கு இத்தனை என்று வகுத்துவிடாதீர்கள். யார் எவ்வளவு உண்டார்கள் என்று பாருங்கள். பிறகு தாத்தா, அம்மா, அண்ணன், தங்கை என்று ஒவ்வொருவருக்கும் உரிய எண்ணால் தனித்தனியே வகுத்துச் சதவீதம் காணுங்கள். வீட்டில் யாருடைய சதவீதம் மிகவும் தாழ்ந்திருக்கிறது என்பது அப்போது தெரியும். அது பெரும்பாலும் கடைசியில் உண்பவருடையதாக இருக்கக் கூடும். அடுத்த நாள் அவர் முதலில் உண்ணட்டும். சதவீதக் கணக்கைப் படித்ததற்கு இதைவிட நல்ல பயன் வேறென்ன வேண்டும்?